என்னைக் கூட்டிப்போக வந்த ஒன்பது பேர்

கனடாவில் இருக்கும் தங்கச்சியின் மகன் இன்று குடும்பக் குழுவில் கேட்டிருந்தான்: "நயினாதீவு அம்மன் தேருக்கு வாறன். பலாலி எயாப்போட்டுக்கு ஆர் கூட்ட வாறியள்?"

ஐந்து நிமிடத்தில் பதினொரு பேர் "நான் வாறன்" என்று போட்டுவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

எழுபதுகளில் நானும் இதே தேருக்குத் திருச்சியிலிருந்து பலாலியில் வந்து இறங்கினேன். கூட்டிப்போக வாடகைக் காரில் ஒன்பது பேர். என் பெட்டிக்கு இடம் இருந்தது. எனக்குத்தான் இல்லை.

"நீ பஸ்ஸில வா, நாங்கள் முன்னால போறம்" என்றார் பெரியண்ணை.

யாழ்ப்பாணத்தில் பஸ் மாறினேன். வேலணையில் நின்றுபோன காரை அத்தனை பேரும் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பஸ் யன்னலில் என்னைக் கண்டதும் சந்தோஷமாகக் கை காட்டினார்கள்.

குறிகட்டுவான் துறையில் நயினாதீவுக்குக் கடைசி வள்ளம் புறப்பட நின்றது. மறுநாள் காலை தேர்.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, என்னைக் கூட்ட வந்த ஆக்கள் இன்னும் வரேல்லை" என்றேன்.

வள்ளக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீர்தான் அவையளைக் கூட்டிக்கொண்டு போறீரோ?"

ஆனாலும் பொறுத்தார். ஒன்பது பேரும் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து ஏறினார்கள். பலாலியில் போட மறந்த மாலையை வள்ளத்தில் வைத்துப் போட்டார்கள்.

இன்று பன்னிரண்டாவதாக நானும் "வாறன்" என்று போட்டிருக்கிறேன்.

குறிகட்டுவான் பஸ் நேரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தங்கச்சியின் மகனுக்குத் தேவைப்படும்.