தலைக்கு மேலே யார்

எங்கள் தெருவை இடித்துவிட்டு மூன்று தட்டு மாடி வீடுகள் கட்டித் தருவதாக நகராட்சி சொன்னது எழுபதுகளின் கடைசியில். சேலத்தில் இன்று அந்த இடத்தைக் கடந்து போகிறவர்களுக்கு அப்படி ஒரு பேச்சு இருந்ததே தெரியாது. அது எப்படி எழுந்தது, எப்படி அடங்கியது என்று எனக்குத் தெரியும். நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் இடம். தெரு ஒன்று, வீட்டு வரிசை இரண்டு. மேல் வரிசையில் ஓட்டு வீடுகள். திருச்செங்கோடு, சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தலைமுறைக்கு முன்னால் பிழைக்க வந்து, லாரிப் பட்டறைகளிலும் கடைகளிலும் காலூன்றிய குடும்பங்கள். அவர்களுக்கும் அங்கே சொந்த நிலம் கிடையாது. நகராட்சி இடத்தில் வாடகைதான். சுவர்கள் வெடித்து, உத்தரங்களைக் கறையான் தின்றுகொண்டிருந்தது. அந்த வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தைத் தாண்டி, ஓடையை ஒட்டிய பள்ளத்தில் கீழ் வரிசை. அதில் நாங்கள் இருந்தோம்.

மேல் வரிசை வீடுகளின், ஆள் வந்து கையால் அள்ள வேண்டிய எடுப்புக் கக்கூஸ்கள் அந்தச் சந்தைப் பார்த்துத் திறந்திருந்தன. விடிவதற்குள் என் அம்மா தகர வாளியும் சாம்பலுமாக அதற்குள் நுழைவாள். அந்த வேலைக்கு நகராட்சிக் காகிதத்தில் ஒரு பெயர், தெருவில் வேறொரு பெயர். இரண்டையும் இங்கே எழுத எனக்கு மனமில்லை. எங்கள் வரிசையில் கக்கூஸ் கிடையாது. ரயில் பாதைக்கு அப்பால் முள்ளுக்காட்டுக்குத்தான் போக வேண்டும். பெண்கள் இருட்டில் போய் இருட்டில் வருவார்கள். ஏற்காட்டு மலையில் பலத்த மழை என்றால் ஓடை எங்கள் வீட்டுக்குள் வரும். பாத்திரங்களைப் பரணில் ஏற்றிவிட்டுப் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்துக்குப் போய்விடுவோம்.

நான் அப்போது ஒரு லாரி புக்கிங் ஆபீசில் எழுத்து வேலை பார்த்தேன். அப்பா இல்லை. நகராட்சி அதிகாரி கொண்டுவந்த வரைபடத்தை நான் பார்த்துவிட்டு வந்து, தரையில் கரியால் கோடு போட்டு அம்மாவுக்குக் காட்டினேன். இது கூடம், இது சமையலறை, இது கக்கூஸ், இது அதன் கதவு. அவள் கூடத்தையும் சமையலறையையும் கேட்டுக்கொள்ளவே இல்லை. கதவு போட்டிருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இதுக்குத் தாழ்ப்பா இருக்குமா?"

"இருக்கும்மா."

வீட்டுக்குள் எங்களுக்குத் தெலுங்கு. அவள் அடுத்துச் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "ஊர்க் கக்கூசெல்லாம் கழுவியாச்சு. ஒரு நாளாவது கதவைச் சாத்தித் தாழ்ப்பாப் போட்டுட்டு உக்காரணும்."

அவள் என்னிடம் வேறெதையும் ஆசைப்பட்டுக் கேட்டதாக நினைவில்லை.

மேல் வரிசைக்கும் முதலில் சந்தோஷம்தான். இதை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிறகு அவர்களே இதை மறந்துவிட்டார்கள். லாரிக்கு மரக்கூண்டு கட்டும் பட்டறைக்காரர் ஒருவர் தெருவுக்குப் பெரியமனிதர் மாதிரி இருந்தார். வரைபடத்தைப் பட்டறை மேசையில் விரித்துப் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் அவர்தான் விளக்கினார். பெண்கள் ஆட்டுக்கல்லை எங்கே போடுவது என்று பேசிக்கொண்டார்கள். இடிக்கிற வீட்டின் ஓடு யாருக்குச் சேரும் என்று இரண்டு வீட்டுக்காரர்கள் அதற்குள் சண்டையும் போட்டுவிட்டார்கள்.

மாரியம்மன் கோயில் மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். அதிகாரி இளைஞர், வெளியூர்க்காரர். மேல் வரிசை பாயில் உட்கார்ந்தது. நாங்கள் வேலியோரம் நின்றோம். எல்லாரும் எழுத்தில் சம்மதம் கொடுத்தால்தான் திட்டம் நடக்கும், கட்டி முடிக்கும்வரை வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்றெல்லாம் அவர் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். கடைசியில் பட்டறைக்காரர் எழுந்தார்.

"எந்த ஊடு யாருக்குன்னு எப்படீங்க முடிவு பண்ணுவீங்க?"

"குலுக்கல்தாங்க. சீட்டு எழுதிப் போட்டு எடுப்போம். யாருக்கும் மனக்குறை வராது."

"எல்லாரு பேரையும் ஒரே குடத்துலயாங்க போடுவீங்க?"

"ஆமா. ரெண்டு வரிசையும் சேர்த்துத்தான்."

பாயில் இருந்த தலைகள் எங்கள் பக்கம் திரும்பின. மளிகைக்கடை அம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க சார், மேல் ஊட்டுக் கக்கூசுத் தண்ணி எப்படீங்க கீழ போவும்?"

"குழாய் வழியாப் போகும்மா."

"எங்கூட்டுக்குள்ளாறயா?"

"இல்லம்மா, செவுத்துக்கு வெளியே."

"வெளியவே போவட்டுமுங்க. எங்க தலைக்கு மேல இருந்துதான வருது? சாமி படத்துக்கு நேர் மேல யாரு குத்த வெச்சு உக்காந்திருக்காங்கன்னு அண்ணாந்து பார்த்துட்டா நான் வெளக்குப் பத்த வெக்கறது?"

எல்லாரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், "குடை புடிச்சுக்கிட்டுப் பத்த வெய்யக்கா" என்றது. மறுபடி சிரிப்பு. அதிகாரியும் சிரித்துவிட்டார். அவருக்கு விஷயம் புரியவில்லை. அவர் குழாய் ஒழுகாது என்று விளக்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாள்: "போன மாசம் அந்த மளிகைக்கடை வீட்டுல அத்தன பேருக்கும் பேதி. அள்ளினது நான். அப்போ யாரும் அண்ணாந்து பாக்கல." சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மனு தயாரானது. அதை நான் படித்தேன், நல்ல தமிழில் இருந்தது. வயதானவர்களால் படி ஏற முடியாது. கோயில் கோபுரத்தைக் கட்டடம் மறைக்கும். வேப்பமரங்கள் போய்விடும், காற்று வராது. தலைமுறையாக வாழ்ந்த வீடுகளை இடிப்பது பாவம். கறையானைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரே வாரத்தில் அந்த உத்தரங்களைத் தேக்கு என்று சொல்லத் தொடங்கினார்கள். உண்மையான காரணம் மனுவில் ஒரு சொல்லாகக்கூட இல்லை. அதை எழுதினால் சட்டத்தில் இடம் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தெரு முழுவதும் எதிர்க்கிறது என்று காட்டுவதற்கு எங்கள் கையெழுத்தும் வேண்டியிருந்தது. அதற்காகப் பட்டறைக்காரர் சந்து வழியாகக் கீழ் வரிசைக்கு வந்தார். அவர் அங்கே வந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. அம்மா கயிற்றுக் கட்டிலை எடுத்துப் போட்டு, டீ வைக்கட்டுமா என்றாள்.

"இப்பத்தான் குடிச்சுட்டு வாரேன்" என்று சொல்லி, நின்றுகொண்டே பேசினார். எனக்கு ஆபீஸ் வேலை என்பதால் என்னிடம் 'ங்க' போட்டார். என் அம்மா அவரைவிட மூத்தவள்; அவளுக்கு 'நீ'தான்.

"தம்பி, எனக்கு ஒண்ணும் கெடையாதுங்க. நான் அப்படியெல்லாம் பாக்கறவன் இல்லைன்னு உங்களுக்கே தெரியுமுங்க. என்ற பொண்ணு ரெண்டு பேரு நிக்கறாங்க. நாளைக்கு மாப்ள ஊட்டுக்காரங்க பாக்க வருவாங்க. மாடில யாருங்கன்னு கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"சாமி, எங்களுக்கு மாடியே வேண்டாமுங்க. குலுக்கலும் வேண்டாம். எங்க வரிசை அத்தன பேரும் அடித்தட்டுல இருந்துக்கறோம். நீங்கெல்லாம் மேல இருங்க. உங்க தலைக்கு மேல யாரும் இருக்க மாட்டாங்க."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். வருடா வருடம் தண்ணீர் ஏறுகிற வீட்டில் இருப்பவள் அவள். மேல் தட்டு என்பது அவளுக்கு நனையாமல் தூங்குகிற இடம். யாரும் கேட்காமலே அதை அவளே விட்டுக்கொடுத்தாள். அந்தத் தாழ்ப்பாள் கிடைத்தால் போதும் என்று முடிவு செய்துவிட்டாள்.

பட்டறைக்காரர், "இது நல்ல ரோசனைதான். கேட்டுட்டு வாரேன்" என்று போனார். அன்று மாலை அம்மா வீட்டைப் பெருக்கும்போது, நான் கரியால் போட்டிருந்த கோடுகளைச் சுற்றிப் பெருக்கினாள்.

மறுநாள் அவர் மறுபடி வந்தார். இந்த முறை வாசலுக்கு வராமல் சந்திலேயே நின்று என்னைக் கூப்பிட்டார்.

"ஒத்துக்க மாட்டேங்கறாங்க தம்பி."

"ஏனுங்க? மேலதான் கேட்டாங்க. மேலயே கொடுத்துட்டோமே?"

"மாடிப்படி ஒண்ணுதான இருக்குது. உங்க வாசலைத் தாண்டித்தான ஏறோணும். நல்ல நாளு, பெரிய நாளு, சீர்வரிசைத் தட்டு எடுத்துட்டுப் போவாங்க. அப்பறம் உங்க ஊட்டு அடுப்புப் பொகையும் மேலதான வரும்னு பொம்பளைங்க சொல்றாங்க."

"தனிப் படி கேக்கலாமுங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. புரிந்துகொள்ள மறுக்கிற பையனைப் பார்க்கிற பார்வை. "தம்பி, படிச்சவரு நீங்க. உங்களுக்கு நான் சொல்லோணுமா?" என்றார். கையில் இருந்த மனுவை நீட்டினார். நான் வாங்கவில்லை.

ஆனால் கீழ் வரிசையில் பெரும்பாலானவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ போட்டார்கள். என் தாய்மாமனும் போட்டார். அவருடைய மூத்த மகன் அந்தப் பட்டறையில்தான் கூலி. மாமா எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்து, "பகைச்சுக்கிட்டு நாம எங்க போறது அக்கா? மாடி வீடு எப்ப வருமோ. பட்டறைச் சோறு நாளைக்கே நின்னுரும்" என்றார். அம்மா அவரைத் திட்டவில்லை. சோறு போட்டு அனுப்பினாள். நான்தான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன், பல வருடம்.

அதிகாரி இரண்டாம் முறை வந்தபோது மனு அவர் கையில் இருந்தது. இந்தத் திட்டம் வேண்டும் என்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். மரியாதைக்குக் கேட்டது போலத்தான் இருந்தது. வேலியோரத்திலிருந்து அம்மா கையைத் தூக்கினாள்.

"எங்களுக்கு வேணுமுங்க."

"எங்களுக்குன்னா யாரு?" என்று பாயிலிருந்து ஒரு குரல் கேட்டது. அம்மா தன் இரு பக்கமும் பார்த்தாள். எங்கள் வரிசைக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். பக்கத்தில் நான் மட்டும் கையைத் தூக்கியிருந்தேன்.

"எனக்கும் எம்மகனுக்கும்" என்றாள்.

மளிகைக்கடை அம்மாள், "ஏனுங்க சார், அப்படின்னா அவளுக்கு மட்டும் ஒரு மூணு தட்டு கட்டிக் குடுத்துருங்க. ராசாத்தி மாதிரி ஏறி எறங்கட்டும்" என்றாள். பாயில் இருந்தவர்கள் சிரித்தார்கள்; அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். திட்டம் வேறொரு வார்டுக்குப் போனது. எங்கள் தெருவில் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். கீழ் வரிசைக்கும் ஒரு குண்டா அனுப்பினார்கள். அடுத்த நாள் விடிவதற்குள் அம்மா வாளியை எடுத்துக்கொண்டு சந்துக்குள் போனாள். நான் போக வேண்டாம் என்று கத்தினேன். "போகலேன்னா அரிசி யாரு தருவா? உன் சம்பளம் வாடகை வீட்டுக்குக் காணுமா? காணும்னா சொல்லு, இப்பவே வாளியை வீசிடறேன்" என்றாள். காணாது. வேறு தெருவில் வீடு கேட்டுப் போனாலும், என்ன ஆளுங்க என்ற கேள்விக்குப் பிறகு யாரும் சாவியை எடுத்ததில்லை.

அந்த ஐப்பசியில் மலையில் மழை விடாமல் பெய்தது. ஓடை பகலிலேயே உள்ளே வந்தது. எங்கள் பின்சுவர் கரைந்து சாய்ந்தது. சத்தம் கேட்டு மேல் வரிசை ஆண்கள் ஓடி வந்தார்கள். உண்மையாகவே ஓடி வந்தார்கள். அதை மறைத்து எழுதினால் இது பொய்யாகிவிடும். பட்டறைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, எங்கள் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துப் பள்ளிக்கூடம் வரைக்கும் சுமந்தார். லாரிக்குப் போடும் தார்ப்பாய் ஒன்றை ஆள் விட்டு எடுத்துவரச் சொல்லி, மிச்சமிருந்த கூரை மேல் அவரே இழுத்துக் கட்டினார். மளிகைக்கடையிலிருந்து பொரியும் வெல்லமும் வந்தன.

எல்லாம் முடிந்ததும் அவர் எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். முதல் முறையாக உள்ளே பார்த்தார் என்று நினைக்கிறேன். அடுப்பு, பானை, சுவரில் தண்ணீர் ஏறியிருந்த பழைய கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக.

"ஏம்மா, இத்தன வருசமா இந்த ஊட்டுக்குள்ள எப்படித்தான் இருந்தே?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர் நடிக்கவில்லை. அவர் கொண்டுவந்த மனுவுக்கும் இந்த வீட்டுக்கும் எந்தத் தொடர்பும் அவருக்குத் தெரியவில்லை.

அம்மா முந்தானையைப் பிழிந்துகொண்டே கேட்டாள்: "தார்ப்பாய எப்பத் திருப்பித் தரோணுமுங்க சாமி?"

"மழை விட்டதும் குடுத்தாப் போதும். அடுத்த வாரம் லோடு இருக்குது."

மழை விட்டதும் கொடுத்துவிட்டோம். பின்சுவரை நானும் மாமா மகனும் மண் குழைத்து எழுப்பினோம். மேல் வரிசைக்காரர்கள் எண்பதுகளில் ஒவ்வொருவராக ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டார்கள், தண்ணீர் ஊற்றும் கக்கூஸ் கட்டினார்கள். சந்தில் அம்மாவுக்கு வேலை குறைந்தது. நகராட்சி அவளை வேறு தெருவுக்கு மாற்றியது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பள்ளத்து வீட்டிலேயே இருந்தாள், அங்கேயே இறந்தாள். கடைசி நாட்களில் எழுந்து நடக்க முடியாதபோது, வெளிச்சத்தில் வேண்டாம் என்று சொல்லி, இருட்டும்வரை அடக்கிக்கொண்டு காத்திருப்பாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு ரயில் பாதையைத் தாண்டுவேன்.