அரிசி டின்னில் ஐந்து கடிதங்கள்

கல்யாணமான மூன்றாம் மாதம் அந்தமானில், லாங் ஐலண்ட் என்ற தீவில் வந்து இறங்கினேன். அறுபதுகளின் தொடக்கம் அது. என் கணவருக்கு அங்கே மர மில்லில் கிளார்க் உத்தியோகம். காலையில் மில் சங்கு ஊதியதும் போய்விடுவார். சாயங்காலச் சங்கு வரை குவார்ட்டர்ஸில் நான் மட்டும்தான். மதுரையில் வாயாடி என்று பெயர் எடுத்தவள் நான். இங்கே பேச ஆளில்லாமல், சோறு பொங்கி வழிந்தால் அதனிடம், "இரு, வர்றேன்" என்பேன்.

பக்கத்து வீட்டில் ஒரு வங்காளி அக்கா இருந்தார். நல்ல மனுஷி. வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "கானா ஹோ கயா?" என்று, சாப்பாடு ஆச்சா என்று இந்தியில் கேட்பார். "ஹோ கயா" என்பேன். அத்தோடு என் இந்தி தீர்ந்துவிடும். இருவரும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டு நிற்போம். பிறகு நான் உள்ளே வந்து அழுவேன்.

அம்மா வாரம் தவறாமல் ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதுவாள். ஆனால் மெட்ராஸ் கப்பல் போர்ட் பிளேருக்கு வந்தால்தானே தபால்? அங்கிருந்து சின்ன போட்டில் எங்கள் தீவுக்கு வரும்போது நான்கைந்து கடிதங்கள் ஒரே கட்டாக இருக்கும். முதல் தடவை அத்தனையையும் ஒரே மூச்சில் படித்து முடித்தேன். அதன் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை. தபால் இல்லாத அந்த நாட்களை எப்படித் தள்ளினேன் என்று எனக்கே தெரியாது.

அதனால் ஒரு சட்டம் போட்டேன். முத்திரைத் தேதிப்படி அடுக்கி, நான்கு நாளுக்கு ஒன்று என்று பிரிப்பது. மிச்சத்தை ஈரம் படாமல் அரிசி டின்னுக்குள் புதைத்துவைப்பேன். தினமும் அரிசி அளக்கும்போது கை படும். பிரிக்க மாட்டேன். என் பிடிவாதம் அப்படி.

"எல்லாத்தையும் பிரிச்சுப் படிச்சுட்டு, திரும்பப் படிச்சாப் போதாதா?" என்றார் கணவர்.

"பழைய சோத்தைச் சுட வச்சா புதுச் சோறு ஆயிருமா? உங்களுக்கு மில்லுல பேச ஆள் இருக்கு. நீங்க பேசாம இருங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த வைகாசியில் ஐந்து கடிதங்கள் வந்தன. முதலாவதை அன்றைக்கே பிரித்தேன். அண்ணன் வீட்டுச் செய்தி, பால்காரரோடு நடந்த சண்டை, எல்லாம் இருந்தது. எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. இரண்டாவதில் இன்னும் பெரிது. மூன்றாவதில் வரிகள் கோணிக்கொண்டு போயின. நான்காவதில் ஒரு வரிக்கு மூன்று வார்த்தைதான். நான்கு நாள் காத்திருந்தவளுக்கு ஒரு நிமிஷத்தில் கடிதம் முடிந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது.

உடனே உட்கார்ந்து பதில் எழுதினேன். "எனக்கு எழுத உனக்கு அலுத்துப்போச்சா? குழந்தைப் பிள்ளை மாதிரி கொட்டை எழுத்தில் தாளை நிரப்பி அனுப்புகிறாய். இதற்கு எழுதாமலே இருக்கலாம்." அன்று மத்தியானமே போட்டுக்குப் போகும் தபாலில் சேர்த்தேன்.

நான்கு நாள் கழித்து ஐந்தாவதைப் பிரித்தேன்.

"கண்ணு நரம்பு கெட்டுப்போச்சு, இனி வைத்தியம் இல்லை என்கிறார் டாக்டர். ஒரு மாதமோ இரண்டு மாதமோ. தந்தி கொடுத்தால் நீ வேறு என்னவோ என்று பயந்துவிடுவாய், அதனால் கொடுக்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே உன் முகத்தைப் பார்க்க வேண்டும். இந்தக் கடிதம் கொண்டுவரும் கப்பலிலேயே புறப்பட்டு வா."

அந்தக் கப்பல் போர்ட் பிளேரில் ஐந்து நாள் நின்றுவிட்டு, மெட்ராஸுக்குத் திரும்பிப் போய்ப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. தபால் கொண்டுவந்த போட்டிலேயே மறுநாள் ஏறியிருந்தால் அதைப் பிடித்திருக்கலாம். பதினாறு நாளாக அந்தக் கடிதத்தைச் சுற்றியிருந்த அரிசியை அளந்துதான் நான் சமைத்திருக்கிறேன்.

கணவர் ஒரு சொல்லும் சொல்லிக்காட்டவில்லை. போர்ட் பிளேருக்குப் போய், நான் வருவதாக அண்ணனுக்குத் தந்தி கொடுத்தார். அடுத்த மெட்ராஸ் கப்பலில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. அதற்கடுத்தது புயலால் தள்ளிப்போனது. வீட்டு வாசலை மிதித்தபோது ஆவணி பிறந்துவிட்டது.

அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என் காலடிச் சத்தத்துக்கு முகத்தைத் திருப்பினாள். எனக்குச் சற்றுத் தள்ளி, சுவரைப் பார்த்துச் சிரித்தாள். பக்கத்தில் போனதும் கன்னம், கழுத்து, தோள் என்று தடவினாள்.

"எலும்பா இருக்கியே. அங்க சோறு கெடைக்கலையா?" என்றாள்.

கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தலையணைக்கு அடியில் கைவிட்டு ஒரு கடிதத்தை எடுத்தாள். பிரிக்காத இன்லண்ட். என் கையெழுத்து.

"இது வந்தப்ப எனக்குச் சுத்தமாத் தெரியல. ஒங்கண்ணன் படிக்கிறேன்னான். எம்புள்ள எனக்கு எழுதுனது, அவ வந்து படிக்கட்டும்னு சொல்லிட்டேன். படி."

பிரித்தேன். அன்றைய கோபம் முழுக்க அதில் பத்திரமாக இருந்தது.

"அன்புள்ள அம்மாவுக்கு" என்று ஆரம்பித்தேன். அங்கே கடல் நன்றாக இருக்கிறது என்றேன். பக்கத்து வீட்டு அக்கா இந்தி சொல்லிக்கொடுக்கிறாள், எனக்குப் பொழுது போவதே தெரியவில்லை என்றேன். உன் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது, படிக்கச் சுலபமாக இருக்கிறது என்றேன்.

"அதான், உனக்குத் தெளிவா இருக்கட்டும்னுதான் பெருசா எழுதுனேன்" என்றாள் அம்மா. "அவ்வளவுதானா? ஒண்ணும் விடலையே?"

"ஒண்ணும் விடலைம்மா."

அவளுக்குத்தான் பார்வை இல்லையே. இருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அதைச் சொன்னேன்.