அடித்த கையைக் கழுவுதல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். கல்யாணமான வாரத்திலேயே சோற்றுச் சட்டியைச் சுவரில் எறிந்தவள் நான். "கோபம் வந்தா வுளு எடுங்க" என்பார் வீட்டுக்காரர். எடுப்பேன். தொழுகைக்கு முன் கழுவுகிற மாதிரியே கை, வாய், முகம், கால் எல்லாம் கழுவுவேன். ஆனால் எப்போதும் பிள்ளையை அடித்த பிறகுதான். கழுவியதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்குக் காலையில் அலுவிகாரை வளைவில் ஒரு லொறி, சைக்கிளில் போனவரை அடித்து இழுத்துக்கொண்டு போனது. ரோட்டில் கிடந்த இரத்தத்தின் மேல் யாரோ மண் போட்டார்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னேரம், அதே ரோட்டால் பலாபத்வலைக்கு வகுப்புக்குப் போன என் மகள் ஒரு மணித்தியாலம் பிந்தினாள். பதின்மூன்று வயது. வாசல் கேட்டுக்கும் குசினி அடுப்புக்கும் நடந்தே என் கால் ஓய்ந்தது.

வந்தாள். "பஸ் வரல்ல உம்மா, நடந்து வந்தேன்" என்றாள். அந்த ரோட்டிலா! கையிலிருந்த அகப்பையால் தோளில் அடித்தேன், முதுகில் அடித்தேன். விலகத் திரும்பியவளின் உதடு கதவு நிலையில் பட்டுக் கிழிந்தது. வெள்ளைச் சட்டையில் இரத்தம் சொட்டியது. அதற்குப் பிறகும் ஓர் அடி அடித்தேன். அதை மறைக்க மாட்டேன்.

வழக்கம்போல பைப்படிக்கு ஓடினேன். அடுத்தது என்னவென்றும் எனக்குத் தெரியும். "நானெல்லாம் ஒரு உம்மாவா" என்று கத்திக்கொண்டு தலையில் அடித்துக்கொள்வேன். அடி வாங்கியவளே வந்து என் கையைப் பிடித்து, "பரவால்ல உம்மா, அழாதீங்க" என்பாள். இரண்டு கையும் தலைக்கு மேலே போய்விட்டன. உள்ளே அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழும்பும் சத்தம் கேட்டது. என்னைத் தேற்றத்தான் வருகிறாள் என்று புரிந்ததும் எனக்கே அருவருப்பாகிவிட்டது.

கையை இறக்கினேன். பைப்பை மூடிவிட்டு அங்கேயே சீமெந்தில் குந்தினேன். தாடை இறுகிக் கிடந்தது. கழுவாமல், கத்தாமல் அதை அப்படியே கவனித்துக்கொண்டிருந்தேன். கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. காலையிலிருந்து பயந்து செத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பாவம், நானும்தான் என்று முதல் தடவையாக என்னைப் பற்றி நினைத்தேன். அதனால் செய்தது சரியாகிவிடவில்லை. ஆனால் எழும்பி உள்ளே போய் அவள் முகத்தைப் பார்க்க முடிந்தது.

ஈரத் துணியால் அவள் உதட்டை ஒற்றினேன். "உம்மாக்குப் பயமா இருந்திச்சி புள்ள, லொறி அடிச்சிருக்குமோன்னு. அதுக்கு உன்ன அடிச்சது என்ட பிழை."

அவள் துணியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"லொறிக்கு எனக்குப் பயமில்ல உம்மா" என்றாள். "வீட்டுக்கு வரத்தான் பயமா இருந்திச்சி."