ஆறு முறை உருகியது

உங்கள் குளியலறை வாளியின் விளிம்பை என்றைக்காவது கத்தியால் சீவிப் பார்த்திருக்கிறீர்களா? தனக்கோடி பார்ப்பார். உங்களைக் கேட்கவும் மாட்டார். ஜோகுபாளையத்தில் அவர் கால்வைத்த வீடுகளில் வாளி, முக்காலி, மக்கு எல்லாவற்றிலும் நகக்கண் அளவுக்கு ஒரு வெட்டு இருக்கும்.

"யோவ், இருந்ததே ஒரு மக்கு. அதையும் கொறிச்சிட்டியா? எலியே தேவலாம்யா" என்று பக்கத்து வீட்டுச் சரசு கத்தும்போது அவர் கவனம் முழுக்கக் கத்தி முனையில். சீவல் ரிப்பன் மாதிரிச் சுருண்டால் நல்ல சரக்கு. தூளாக உதிர்ந்தால் செத்த சரக்கு.

"நாலு பொறப்பு எடுத்துட்ச்சுக்கா இது. வெந்நி ஊத்தாதே."

இருபத்திரண்டு வருடமாகப் பழைய பிளாஸ்டிக்கை உருக்குவது அவர் வேலை. உடைந்த நாற்காலியும் எண்ணெய்க் கேனும் அரைபட்டு, உருகி, கயிறாக வழிந்து, தண்ணீரில் குளிர்ந்து, மிளகளவு மணிகளாக நறுக்கப்படும். தொழிலில் அதற்குத் 'தானா' என்று பெயர். அந்தப் புகையில் மூக்கு செத்துப் பத்து வருடம் ஆகிறது. அடுப்பில் ரசம் பொங்கினாலும் தெரியாது.

ஒவ்வொரு முறை உருகும்போதும் பிளாஸ்டிக்கின் நீண்ட இழைகள் சூட்டில் அறுந்து குட்டையாகின்றன. வளைந்து கொடுத்தது முறியத் தொடங்குகிறது. நிறமும் இறங்கிக்கொண்டே போகும். வெள்ளையாக இருந்தது பழுப்பாகி, கடைசியில் கறுப்புச் சாயம் மட்டுமே அதில் எடுபடும். இந்தப் பிறவியில் பொறுத்துக்கொள், அடுத்ததில் உயர்வு உண்டு என்று உழைப்பவனிடம் சொல்பவர்கள் இந்தப் பட்டறையில் ஒரு நாள் வந்து நிற்கட்டும்.

ஹெல்மெட் இல்லாத வண்டிகளைப் போலீஸ் மடக்கத் தொடங்கிய மாதம் அது. ஆறு முறை உருகிய கறுப்புத் தானா மூன்று டன் கேட்டு ஆள் வந்தது. பாதிக்குப் பாதி புதுத் தானா கலக்காமல் மெஷினில் ஓட்டக்கூடாது என்றார் தனக்கோடி.

"பூந்தொட்டிக்குத்தான் கேக்கறாங்க. ஏன் குரு, தொட்டி ஒடஞ்சா செடிக்கா வலிக்கப் போவுது?" என்றார் முதலாளி முனிராஜ். எல்லாருமே அவருக்கு 'குரு'தான். வெள்ளிக்கிழமை தவறாமல் மெஷினுக்கு எலுமிச்சம்பழம் கட்டுகிறவர், புதுத் தானா என்றதும் கையை இறுக்கிக்கொண்டார்.

தனக்கோடி புதுசு கலக்காமலே ஓட்டினார். கறுப்பு பளிச்சென்று தெரிய வேண்டுமென்று கரியோடு ஒரு கை நீலத்தூளையும் கலந்தார். யாரும் கேட்கவில்லை. அது அவருடைய கைப்பக்குவம்.

மூன்றாவது வாரம் மகன் நரேஷ், அல்சூர் நடைபாதையில் வாங்கிய ஹெல்மெட்டோடு வந்தான். கூரியர் வேலை. ஒரு நாளைக்கு எண்பது கிலோமீட்டர் வண்டியில். தனக்கோடி வழக்கம்போல விளிம்பைச் சீவினார். உள்ளங்கையில் தூள். வெட்டிய இடத்தில் கறுப்புக்குள் நீலம் ஓடியது.

"போட்டுக்காதடா. இது பூந்தொட்டிடா."

"போலீஸ்காரன், தலையில இருக்குதா இல்லியான்னுதான் பாக்கறான். சீவியா பாக்கறான்? குடுப்பா, டைம் ஆச்சு."

தனக்கோடி அதை வாசலில் கவிழ்த்து வைத்து மேலே ஏறி நின்றார். ஐம்பது கிலோ தேறாத மனிதர். அது அப்பளமாக நொறுங்கியது.

நரேஷ் வெறுந்தலையோடு கிளம்பினான். சாயங்காலம் இன்னொரு ஹெல்மெட்டோடு திரும்பினான். அதே நடைபாதை, அதே கறுப்பு. இந்த முறை அதை அப்பா கையில் கொடுக்கவில்லை.

"தொட்டின்னு சொன்னீங்களே" என்று பட்டறையில் கேட்டார் தனக்கோடி.

"வித்த சரக்கு பின்னாடியே நான் போவணுமா? நீதானே ஓட்டினே" என்றார் முனிராஜ்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தனக்கோடி அந்த நடைபாதைக் கடையின் முன்னால் நிற்கிறார். கடைக்காரர் இரண்டு முறை சட்டையைப் பிடித்துத் தள்ளிவிட்டார். வருகிறவர்கள் குடிகாரன் என்று நினைத்து ஒதுங்குகிறார்கள். அவர் ஒரு ஹெல்மெட்டை எடுத்துத் தரையில் கவிழ்த்து வைக்கிறார். "ஏறி நில்லு சார். தாங்கினா வாங்கு."

அந்தப் பக்கம் போனால் ஒதுங்கிப் போகாதீர்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம். ஏறி நில்லுங்கள்.