ஏழுக்குக் கடைசி என்று பெயர்

என் அக்காவை வீட்டில் எல்லோரும் கடைக்குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்குப் பின்னால் நான் பிறந்தேன். ஆனாலும் அந்தப் பட்டத்தை அவளிடமிருந்து இறக்கி என் தலையில் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு மிஞ்சியது 'தம்பி'. தெருவில் போகிறவனைக்கூட அப்படிக் கூப்பிடலாம். இந்த வயிற்றெரிச்சல் இன்றும் உண்டு, மறைப்பானேன்.

அக்காவுக்கு வேலை கணினியின் கெர்னலில். மற்ற நிரல்கள் எல்லாம் நிற்கிற அஸ்திவாரம் அது. கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாளானால் மழை வந்தாலும் தெரியாது, பால் பொங்கினாலும் தெரியாது. எண்களுக்குப் பெயர் வைப்பாள். வெறும் ஏழு என்றால் எந்த ஏழு என்று யார் கண்டார்கள்?

புதிதாகச் சேர்ந்தபோது, எச்சரிக்கை வகைகளில் ஏழாவதற்கு 'கடைசி' என்று பெயர் வைத்தாள். அப்புறம் எட்டு வந்தது, ஒன்பதும் வந்தது. ஏழாவதைக் கடைசி என்பது அவளுக்கே கூச்சமாக இருக்க, 'கடைசி' என்றால் இனி ஒன்பது என்று திருத்திவிட்டாள். எங்கோ ஒரு மருத்துவமனையில் பழைய நிரலை அந்தத் திருத்தத்தோடு மறுபடி உருவாக்கினார்கள். அது 'கடைசி' என்று ஒன்பதை அனுப்பியது. கட்டிலோர அழைப்புமணிக்கோ ஏழு மட்டும்தான் தெரியும். நல்லவேளை, சோதனையிலேயே மணி ஊமையானது தெரிந்தது. பெயரை மறுபடி ஏழிடமே கொடுத்தாள். ஒன்பதுக்கு வேறு பெயர் வைத்தாள்.

"வெளிய போன பேர நாம திரும்பப் புடுங்கக் கூடாதுடா," என்றாள் அன்று. "யாரோ அத நம்பிக் கூப்பிட்டுட்டு இருப்பாங்க."

அரைத்தூக்கத்தில், கண்ணால் பார்த்தே இராத இயந்திரங்கள் எல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்கும் என்பாள். நான் சிரிப்பேன்.

இப்போது அப்பாவுக்கு நினைவு கரைகிறது. பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. வெளியூரிலிருந்து வரும்போதெல்லாம் கட்டிலருகே உட்கார்ந்து, ஒரு தடவையாவது என்னைக் கூப்பிடமாட்டாரா என்று ஏங்குவேன். ஒரு மத்தியானம் திரைச்சீலை மெல்ல ஆட, அறை முழுக்க மஞ்சள் வெளிச்சம் தண்ணீர்போல் அசைந்தது. அப்பா கண்ணைத் திறந்தார், என் கையைப் பிடித்தார்.

"கடைக்குட்டி," என்றார், "தண்ணி குடு."

பிறந்ததிலிருந்து நான் ஏங்கிய பட்டம். தண்ணீரோடு வந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் முகம் செத்துப்போயிருந்தது. பட்டத்தை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள். சும்மா இருந்திருந்தால் அந்தப் பெயர் என்னுடையதாகியிருக்கும். என்னால் முடியவில்லை.

"கடைக்குட்டி அதோ வர்றாப்பா," என்றேன். "நான் தம்பி."

அவள் வந்து டம்ளரை அவர் வாயருகே பிடித்தாள். அவளை நெடுநேரம் பார்த்துக்கொண்டே குடித்தார். பிறகு, அவளிடம்தான், மெதுவாகக் கேட்டார்:

"கடைக்குட்டி, தம்பி எப்ப வந்தான்?"