கேட்டும் எழுதாத பதில்

உம்மு சல்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கிவிடும். பாசிர் ரிஸ் வீட்டில் அந்தத் தாழ்ந்த குரல் கேட்டால், ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் அவள் கணவர் அப்துல் அலீம் பேச்சை நிறுத்திவிடுவார். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த அவள் மொழிபெயர்ப்பாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் வெளிநாட்டு ஊழியர்களுக்கான இலவசச் சட்ட உதவிக் கிளினிக்கில் சம்பளம் வாங்காமல் உட்காருவாள். மற்ற நாட்களில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் கூப்பிட்ட இடத்துக்குப் போவாள். சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும், கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அந்த விஷயத்தில் அவளிடம் யாரும் குறை சொன்னதில்லை.

அன்று விமான நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. சின்ன அறை. அதிகாரி ஸ்ரீநாத், இங்கேயே படித்து வளர்ந்த தமிழர்தான். ஆனாலும் விசாரணைக்கு வெளியாள் ஒருவர் மொழிபெயர்த்தாக வேண்டும் என்றார்கள். எதிரே ஜெசிந்தா. இலங்கையில் மன்னார்ப் பக்கத்துப் பெண், முப்பதுக்கு மேல் இருக்காது. சுற்றுலாப் பயணி என்று வந்திறங்கியவளை உள்ளே விடவில்லை.

திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறதா என்று ஸ்ரீநாத் ஆங்கிலத்தில் கேட்டார். உம்மு சல்மா தமிழில் கேட்டாள். ஜெசிந்தா டிக்கெட்டைப் பற்றிப் பேசவில்லை.

"அக்கா, திருப்பி அனுப்ப வேண்டாமெண்டு சொல்லுங்கோ. போய் இறங்கின உடனேயே பிடிப்பினம். தம்பியைப் பிடிச்சு அடிச்சதில அவனுக்கு இப்பவும் நடக்க ஏலாது."

காணாமல்போன கணவனின் படத்தைப் பிடித்துக்கொண்டு அவள் ஊரில் தெருப் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு சீருடை போடாத ஆட்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். கடைசியாக வந்தபோது, அடுத்த முறை உன்னைக் கூட்டிக்கொண்டு போவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இதையெல்லாம் அவள் அழாமல்தான் சொன்னாள். உம்மு சல்மா ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள்.

ஸ்ரீநாத்தின் விரல்கள் விசைப்பலகை மேல் அசையாமல் இருந்தன. "டிக்கெட் இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க லா, அக்கா."

தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை என்று அந்தப் பதிலை அவர் இரண்டு தரம் கேட்டிருக்கிறார். உம்மு சல்மாவின் குரல் இறங்கியது. "அவங்க சொன்னதை நான் சொல்லிட்டேன். நீங்க எழுதல."

"அதை எழுத இதுல இடமே இல்லக்கா."

மறுபடி கேட்டபோது ஜெசிந்தா இல்லை என்றாள், டிக்கெட் இல்லை என்று எழுதினார். எங்கே தங்குவாள், கையில் எவ்வளவு வைத்திருக்கிறாள் என்று கேட்டு அதையும் எழுதினார். திரும்பிப் போனால் உனக்கு என்ன ஆகும் என்று மட்டும் கேட்கவே இல்லை. உம்மு சல்மா கிளம்பும்போது தன் கைப்பேசி எண்ணை ஜெசிந்தாவிடம் கொடுத்தாள். அன்று மாலை விமானத்திலேயே அவளை ஏற்றிவிட்டார்கள்.

கிளினிக்குக்கு வரும் வழக்கறிஞர் முனீராவிடம், இப்படிச் செய்யலாமா என்று உம்மு சல்மா கேட்டாள். அகதிகளுக்கான ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் சேரவில்லை என்பது அவளுக்கும் தெரியும். முனீரா பொறுமையாகச் சொன்னாள்: "யாரை உள்ள விடுறதுங்கறது ஒவ்வொரு நாட்டோட உரிமைதான். ஆனா சித்திரவதைக்குன்னு தெரிஞ்சு ஒருத்தரைத் திருப்பி அனுப்பக் கூடாது. கையெழுத்துப் போடாத நாட்டுக்கும் அந்தக் கடமை உண்டு. குறைஞ்சது, என்ன பயம்னு கேட்டுப் பாத்துட்டாவது முடிவு பண்ணணும்."

இதைக் கேட்டதும் உம்மு சல்மாவின் கோபம் இன்னும் ஏறியது. தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் நாளில், தன் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். குறிப்பெடுத்த தொண்டூழியர் மரியாதையான பெண். நடந்ததைக் கேட்டுவிட்டு, ஜெசிந்தா உங்களுக்குச் சொந்தமா, ஆன்டி, என்று கேட்டாள். இல்லை. இந்தத் தொகுதியா? இல்லை. அப்படியென்றால் உங்களுக்கு என்ன பிரச்சினை? வீட்டைப் பற்றியோ வேலையைப் பற்றியோ ஏதாவது இருந்தால் எழுதித் தருகிறேன் என்றாள். எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, அதனால்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டு உம்மு சல்மா எழுந்துவிட்டாள்.

விசாரணை அறையில் வாதம் செய்தவர் என்று நிறுவனத்துக்குப் புகார் போயிருக்க வேண்டும். அங்கிருந்து அழைப்பு வருவது நின்றது. கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்றார் அப்துல் அலீம். வாயைத் திறப்பதுதானே என் வேலை என்று கேட்டாள்.

சில வாரங்கள் கழித்து ஜெசிந்தாவின் அக்கா தொலைபேசியில் அழைத்தாள். இறங்கிய இடத்திலேயே பிடித்து, நான்கு நாள் வைத்திருந்து விட்டிருக்கிறார்கள். உள்ளே என்ன நடந்தது என்று ஜெசிந்தா யாரிடமும் சொல்லவில்லை. இப்போது ஒரு வீட்டில் இரண்டு இரவு தங்குவதில்லை.

அப்துல் அலீமுக்கு மூச்சு வந்தது. "அல்ஹம்துலில்லாஹ், உயிரோட விட்டுட்டாங்கள்ல. நீ பயந்த மாதிரி ஒண்ணும் ஆகலையே."

"விட்டது அவ நசீபுங்க. நம்ம என்ன செஞ்சோம்?" என்றாள் உம்மு சல்மா. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு காலை, கிளினிக்குக்குப் பக்கத்துத் தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சிக் கடை வரிசையில் ஸ்ரீநாத்தைப் பார்த்தாள். டீசர்ட்டும் செருப்புமாக நின்றவர் அவளை அடையாளம் கண்டு முதலில் பேச்சைத் தொடங்கினார். வேலை நின்றுபோனது தெரியும், புகார் கொடுத்தது நான் இல்லை என்றார். கொஞ்சம் தயங்கி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா, அந்தப் பொண்ணு போனப்புறம் அங்க என்ன ஆச்சு?"

அவருக்கு அது உறுத்திக்கொண்டிருந்திருக்கிறது என்று உம்மு சல்மாவுக்குப் புரிந்தது. இரக்கம் வர வேண்டிய இடம். வரவில்லை. அவள் குரல் இறங்கியது.

"இன்னைக்குக் கேக்குறீங்களே தம்பி, இதை அன்னைக்கு, அவ எதிர்ல உக்காந்திருந்தப்பக் கேட்டிருக்கணும். அதுக்குத்தான் உங்களை அந்த நாற்காலில உக்கார வெச்சிருக்கு. இங்க நின்னு கேக்குறதுக்கு இல்ல."

"நான் ரூல்ஸ்படி..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். கடைக்காரர் அவரை எத்தனை கிலோ என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தாவுக்கு நடந்ததை உம்மு சல்மா முழுவதுமாகச் சொன்னாள். நான்கு நாளையும் சொன்னாள், வீடு மாறி வீடு போவதையும் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை. ஸ்ரீநாத் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதைக் கேட்க வேண்டியவள் நான் இல்லை என்று சொல்லிவிட்டு, உம்மு சல்மா கறி வாங்காமலே கிளினிக்குக்கு நடந்தாள்.