ஆரோக்கியசெல்வி ஊற்றிய தண்ணீர்

உறுவையாற்றில் ஆரோக்கியசெல்விக்கு இரண்டு பெயர் உண்டு. மாடு வைத்திருப்பவர்கள் 'டாக்டரம்மா' என்பார்கள். அவளிடம் திட்டு வாங்கியவர்கள் 'வாயாடி' என்பார்கள். அவளிடம் திட்டு வாங்காமல் அந்த ஊரில் எவனும் மாடு வளர்த்ததில்லை என்பதால் இரண்டு பெயரும் ஒரே வாசலில்தான் புழங்கின. டாக்டரெல்லாம் இல்லை. பாகூர்ப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் உதவியாளர், அதுவும் பத்தொன்பது வருஷமாகத் தினக்கூலி.

ஆனால் கை இருந்ததே, அது கை! கன்று வயிற்றுக்குள் குறுக்கே திரும்பிக்கொண்டு மாடு அலறும்போது, ஆண்பிள்ளைகள் எல்லாம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார்கள். இவள் முழங்கைக்கு மேல் வரைக்கும் எண்ணெய் தடவிக்கொண்டு உள்ளே விட்டு, காலைத் தேடிப் பிடித்து நேராக்கி இழுத்துப் போடுவாள். வெயிலில் சுருண்டு விழுந்த எருமையை உச்சந்தலையில் குடம் குடமாக ஊற்றியே எழுப்பியிருக்கிறாள். அவள் தொட்டு எந்த மாடும் செத்ததில்லை என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு. செத்திருக்கின்றன, இரண்டு மூன்று. இருந்தாலும் அந்தப் பேச்சை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. நல்ல பேரை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

மூன்று வருஷத்துக்கு முன்பு, வைகாசி வெயிலில் ஒருநாள், கடற்கரைக் குப்பத்திலிருந்து மருந்தகத்துக்குப் போன் வந்தது. பெரிய மீன் ஒன்று உயிரோடு கரையில் ஏறிக் கிடக்கிறதாம். டாக்டர் அரிகரன் டவுனில் மீட்டிங்கில் இருந்தார். "தோல் காயாம பாத்துக்க செல்வி, வந்துடறேன்" என்று போனிலேயே வைத்தியத்தை முடித்துக்கொண்டார். அவர் வந்து சேர்ந்தது சாயங்காலம். அதற்குள் எல்லாம் ஆகிவிட்டது.

ஸ்கூட்டியை மணலில் போட்டுவிட்டு ஓடியவள், கூட்டத்தை விலக்கிப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டாள். பதினெட்டு அடிக்குக் குறையாத உடம்பு, நல்ல பழுப்பு நிறம், தலை மட்டும் நரைத்தாற்போல வெளுப்பு. கழுத்து என்று ஒன்றில்லை. வாய் வாத்து அலகு மாதிரி குட்டையாக முன்னே நீண்டிருந்தது. கீழ்த்தாடையின் நுனியில் பாக்கு அளவுக்கு இரண்டே இரண்டு பல். அவ்வளவு பெரிய உடம்பில் முதுகுத் துடுப்பு மட்டும் பின்னால் தள்ளிச் சின்னதாக நின்றது. மேலெல்லாம் அரிவாளால் கீறிவிட்ட மாதிரி குறுக்கும் நெடுக்கும் வெள்ளைக் கோடுகள். "அடப் பாவிங்களா, எவன்டா இத இப்படிக் கிழிச்சது?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். யாரும் கிழிக்கவில்லை என்று சத்தியம் செய்தார்கள்.

அது புஸ்புஸ்ஸென்று சீறியது. வாலைத் தூக்கித் தூக்கி மணலில் அடித்தது. செல்வி புடவையை இழுத்துச் செருகினாள். "வேடிக்க பாக்கவா வந்தீங்க? வூட்டுக்கு ஒரு குடம் எடுத்தாங்க, ஓடுங்க!" அரைமணி நேரத்தில் நாற்பது குடம் வரிசையாகிவிட்டது. கடல் தண்ணீரை மொண்டு கைமாற்றிக் கொடுக்க, அவள் தலைமாட்டில் நின்று ஊற்றினாள்.

அப்போதுதான் கலைவேந்தன் கிட்டே வந்தான். சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருப்பவன், அதிகம் பேசாதவன். "யக்கா, மண்ட மேல ஓட்ட இருக்குது பாரு, அதான் மூக்கு. படகு கூடவே துள்ளி வருமே ஓங்கில், அந்த டால்பினு, அதுக்கும் அப்படித்தான். அங்க ஊத்தாத, ஒடம்பு மேல ஊத்து" என்றான்.

நாற்பது குடமும் முந்நூறு பேரும் அவள் சொல்லுக்கு ஆடிக்கொண்டிருந்த நேரம் அது. "இன்னாடா சொல்ற? நீ மீன் புடிக்கிறவன், நான் வைத்தியம் பாக்கிறவ. உச்சி குளுந்தாத்தான் ஒடம்பு குளிரும். எருமைக்கு இன்னாவோ அதான் இதுக்கும். போ, போயி உன் வலைய அலசு!" கூட்டம் கொல்லென்று சிரித்தது. கலைவேந்தனோ, நாலு மணிக்குக் கடல் ஏறும், அப்போது நாலு படகு கட்டி இழுத்து ஆழத்தில் விட்டுவிடலாம் என்று படகுக்காரர்களைக் கூப்பிடப் போய்விட்டான்.

பதினோரு மணியிலிருந்து ஊற்றினாள். தோள்பட்டை இற்றுப்போகும் வரை ஊற்றினாள். ஊற்ற ஊற்ற அதன் சீற்றம் நின்றது, வால் அடங்கியது. "பாருங்கடி, எவ்ளோ சொகமா கெடக்குது!" என்று பெண்களிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். பத்திரிகைக்காரர் ஒருவர் அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்தார். ஒரு மணிவாக்கில் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. மேலே இருந்த ஓட்டை விரியத் திறந்தது. அவள் கையில் குடம் பாதி கவிழ்ந்திருந்தது. தொண்டையில் சோறு சிக்கியவனுக்கு வருமே ஒரு சத்தம், அப்படி ஒன்று வந்தது. இரண்டு மணிக்கு அது செத்துப்போனது. செல்வி அதன் மேல் விழுந்து அழுதாள். அழுகையில் பொய்யில்லை.

மறுநாள் சென்னையிலிருந்து புவனேஸ்வரி என்ற ஆராய்ச்சிக்காரம்மா வந்து, மணலிலேயே அதை அறுத்துப் பார்த்தாள். கத்தி எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்று செல்வியைத்தான் நிறுத்தினார்கள்.

"இது அலகுத் திமிங்கிலம்மா. உயிரோட பாத்தவங்களே கம்மி" என்று அந்தம்மா வேலை செய்தபடியே சொல்லிக்கொண்டு வந்தாள். கிழக்கே தூரத்தில் கடலுக்கு அடியில் தரை கிடுகிடுவென்று இறங்கும் பெரும் பள்ளங்கள் உண்டாம். அந்த மாதிரி இடத்தில்தான் இதற்கு வாழ்க்கை. ஒரு கிலோமீட்டருக்கும் கீழே, விளக்கில்லாத இருட்டில், சத்தம் கொடுத்து எதிரொலியைக் கேட்டே கணவாயைத் தேடிப் பிடிக்கும். கடித்துத் தின்னாது, வாயால் உறிஞ்சிக்கொள்ளும். அந்த இரண்டு பல் ஆணுக்கு மட்டும் வெளியே தெரியும், அதுவும் சண்டை போட. மேலே இருக்கும் கோடெல்லாம் இன்னொரு ஆண் கீறியது. பக்கத் துடுப்பை மடித்து வைத்துக்கொள்ள விலாவில் பள்ளம்கூட இருக்கிறது. செல்வி அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"கறி ஏம்மா இப்படிக் கறுத்துக் கெடக்குது?"

"காத்தை ரத்தத்துலயும் கறியிலயும் சேத்து வச்சிக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேலயே மூச்சை அடக்கும்மா. மேல வந்தா கொஞ்ச நேரம் தலை காட்டும், மறுபடி உள்ள போயிடும்." பேசிக்கொண்டே அந்தம்மா நுரையீரலைத் திறந்தாள். நுரையும் மணலும் தண்ணீருமாக வழிந்தது. அவள் முகம் மாறியது. "யாரோ மூக்குல தண்ணி ஊத்திக்கிட்டே இருந்திருக்காங்க. தண்ணி விழுந்தா அது மூக்கை இறுக்கி மூடிக்கும், கடல்ல முங்கியிருக்கிற மாதிரி. இவங்க நிறுத்தல, அதனால தொறக்க முடியல. கடைசியில தாங்காம தொறந்திருக்கு."

சுகமாகக் கிடக்கிறது என்று அவள் சொன்ன அந்த நேரம் முழுக்க, அது மூச்சை அடக்கிக்கொண்டு, இவள் எப்போது நிறுத்துவாள் என்று காத்துக் கிடந்திருக்கிறது.

"ஊத்தலேன்னா பொழச்சிருக்குமாம்மா?" செல்விதான் கேட்டாள்.

"தெரியாது. ஒடம்புக்கு ஏதோ முடியாமதான் கரைக்கு வந்திருக்கும். ஆனா சாயங்காலம் வரைக்கும் தாக்குப் பிடிச்சிருக்கும்."

முந்தின நாள் சாயங்காலம் கடல் ஏறத்தான் செய்தது. நாலு படகும் தயாராக நின்றன. ஊரையே வாயால் கட்டி மேய்த்தவள், ஊற்றியது நான்தான் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள், வயிறு எரியும். பத்திரிகையில் படம் வந்தது. துறையில் பெரியவர்கள் கண் கலங்கினார்கள். பத்தொன்பது வருஷமாக நகராத அவள் ஃபைல் ஒரே மாதத்தில் நகர்ந்து, வேலை நிரந்தரமானது. மேடையில் சால்வை போட்டார்கள். மைக்கைக் கையில் கொடுத்தபோது சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். "எல்லாருக்கும் நன்றி" என்று வந்தது. அந்த ஆராய்ச்சிக்காரம்மா அனுப்பிய அறிக்கை எந்த மேஜைக்குக் கீழே போனதோ, ஆண்டவருக்கே வெளிச்சம். அந்தப் படத்தையே பெரிய போஸ்டராக அடித்துப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஒட்டினார்கள். குடம் கவிழ்ந்திருக்கிறது, தண்ணீர் சரியாக அந்த ஓட்டையில் விழுகிறது, கீழே கொட்டை எழுத்தில்: 'தண்ணீர் ஊற்றுவோம், உயிர் காப்போம்.'

மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் மட்டும் சொன்னாள். தெரியாமல் செய்தது பாவமாகாது என்றார் அவர். "தெரிஞ்சப்பறம் சொல்லாம இருக்கிறது, சாமி?" என்று கேட்டாள். அப்படியானால் சொல்லிவிடு மகளே என்றார். "சொன்னா வேல பூடும் சாமி" என்று எழுந்து வந்துவிட்டாள். மீன் வாங்கப் போகிற இடத்தில் கலைவேந்தன் எதிர்ப்பட்டால் அவன் தலையைக் குனிந்துகொண்டு போவான். யாரிடமும் அவன் மூச்சுவிடவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இந்த மாசியில் இன்னொன்று ஒதுங்கியது. அதே கரையில், ஒரு மைல் தெற்கே. செய்தி கேட்ட உடனே அவள் ஸ்கூட்டியை விரட்டினாள். இந்த முறை டாக்டர் சொல்லி அனுப்பவில்லை. அவளாகவே போனாள்.

பள்ளிக்கூடத்து இயற்கை மன்றத்துப் பிள்ளைகள் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையாக நின்று குடம் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டில் நின்று ஊற்றியது அவர்கள் வாத்தியார் அருள்முருகன். முப்பத்தைந்து வயசு, மூக்குத் தோல் உரிந்துபோயிருந்தது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காத முகம். இது சின்னது, உடம்பில் கோடே இல்லை, பல்லும் தெரியவில்லை. பெண்ணாகத்தான் இருக்கும்.

"டேய், போஸ்டர்ல இருக்காங்களே, அந்தம்மா வந்துட்டாங்கடா!" பிள்ளைகள் கை தட்டினார்கள். அருள்முருகன் முகம் மலர்ந்தது. "அக்கா, கரெக்டா நீங்க செஞ்ச மாதிரியே செஞ்சிக்கினு இருக்கோம். மொதல்ல ரொம்பத் துள்ளுச்சி. இப்ப பாருங்க, எவ்ளோ அமைதி!"

"நிறுத்துங்க சார்! அது மூக்கு! மூக்குல ஊத்தறீங்க!"

"ஒண்ணும் ஆவாதுக்கா, டென்ஷன் ஆவாதீங்க."

சுற்றிலும் செல்போன்கள் அவளைப் பார்த்து நின்றன. இனிமேல் வேலையாவது, பேராவது. "நான் ஊத்தித்தான்யா அது செத்துச்சி!" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். "நான்தான் கொன்னேன்! அந்தப் படத்துல நான் இன்னா பண்றேன் தெரியுமா? கொல பண்றேன்!" குடத்தைப் பிடுங்கி எறிந்தாள். ஒரு நிமிஷம் எல்லாருடைய கையும் நின்றது.

அந்த ஒரு நிமிஷத்தில் அது மூக்கைத் திறந்தது. புஸ்ஸென்று மூச்சு ஆள் உயரத்துக்குப் பீறிட்டது. கூட்டம் ஓவென்று ஆர்ப்பரித்தது. "மூச்சு வுட்ருச்சி! தண்ணி வேல செஞ்சிடுச்சி! ஊத்துங்கடா, இன்னும் ஊத்துங்க!" பின்வரிசைக் குடங்கள் எல்லாம் முன்னே பாய்ந்தன. அவளோ அதன் தலையை மறைத்துக் கையை விரித்துக்கொண்டு நின்றாள். பாவம், அக்காவுக்குப் பழைய நினைப்பு வந்துவிட்டது என்று கூட்டத்தைக் கட்டுப்படுத்த வந்திருந்த இரண்டு பெண் போலீஸ் அணைத்துப் பிடித்து, ஒரு சோடாவையும் உடைத்துக் கையில் கொடுத்து, படகு நிழலில் உட்காரவைத்தார்கள். அவள் திமிறினாள், திட்டினாள், கெஞ்சினாள். எல்லாவற்றையும் பாசம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து அந்தச் சத்தம் வந்தது. செல்விக்கு அது தெரிந்த சத்தம்.

கூட்டம் கலைந்த பிறகு அருள்முருகன் வந்து அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். கை இரண்டும் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன.

"நீங்க சொன்னது நெசமாக்கா?"

நுரையீரலில் பார்த்ததை, மூச்சை அடக்கும் கதையை, ஒன்று விடாமல் சொன்னாள். கேட்டுக்கொண்டே வந்தவர் முகத்தை மூடிக்கொண்டார்.

"அப்ப நான் ஊத்தலேன்னா பொழச்சிருக்குமாக்கா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த மனுஷனுக்கு ராத்திரி தூக்கமாவது வந்திருக்கும். ஆனால் மூன்று வருஷமாக அடைத்துக் கிடந்த வாய் அன்றைக்குத்தான் திறந்திருந்தது.

"நான் மூணு வருஷம் முன்னாடியே வாயத் தொறந்திருந்தா நீங்க ஊத்தியிருக்கவே மாட்டீங்க, சார்."